இரண்டு வருஷத்து மடிப்பு

தையல்காரியைப் போன வாரக் கதையில் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். முதலில் அவளை உட்கார வைப்போம்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பள்ளிச் சீருடை. நீல ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை, புதுத் துணியின் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. ஈரத் துண்டைக் காயப்போட ஹேங்கர் தேடித்தான் அலமாரியைத் திறந்தாள். தேடாதது கிடைத்தது.

பிள்ளைகளுக்குப் பெரிய நகரத்தைச் சுற்றிக் காட்டலாம் என்று சொல்லித்தான் கணவர் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். தங்கியது அவருடைய அண்ணன் வீட்டில், அடுக்குமாடியின் உச்சியில். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. இன்று கடைசி நாள், மாலை ரயிலில் ஊர் திரும்பவேண்டும். நாலு பேராக வந்தோம், நாலு பேராகத் திரும்புவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஊரில் அவள் தைப்பது பெரும்பாலும் பள்ளிச் சீருடைகள். துணி என்ன சொல்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டாம். ஸ்கர்ட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார்கள். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிவிட்டுக்கொள்வதற்கான மடிப்பு. ஊருக்கு வந்த பிள்ளைக்கு ஆசையாக எடுத்துத் தருகிற உடுப்பில் யாரும் இவ்வளவு விடமாட்டார்கள். இது இரண்டு வருஷத்துக்கான மடிப்பு.

இடுப்பு, உயரம், தோள் எல்லாம் ஏழு வயது மகளின் அளவு. அதைக் கொடுத்ததே அவள்தான். அண்ணன் பாப்பாவுக்கு ஏதோ துணி எடுக்கிறாராம் என்று போன மாதம் கணவர் வந்து கேட்டார். சந்தோஷமாகத் தன் டேப்பை எடுத்துத் தன் மகளைச் சுற்றி அளந்து சொன்னாள். போதாததற்கு, வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள் என்று வேறு சொல்லி அனுப்பினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

மகனுக்கு அந்த அலமாரியில் எதுவும் இல்லை. பரிசு என்றால் இருவருக்கும் இருக்கும்.

*

அவளுடைய கணவர் பூட்டு சரிசெய்கிறவர். ஊரில் சாவியைத் தொலைத்தவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். அண்ணன் முன்னால் வாயை மட்டும் திறக்கமாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. அப்பா போனபோது இவர் சின்னப் பிள்ளை. அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய் இவரை ஆளாக்கினார். அந்த நன்றி தையல்காரிக்கும் உண்டு. ஆனால் நன்றிக்கும் ஓர் அளவு எடுத்துத் தைக்கக் கூடாதா என்பதுதான் அவள் ஆதங்கம்.

அன்று காலை அவரைத் தனியாகப் பிடிப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. இரண்டு அறை வீடு. பக்கத்து அறையில் தும்மினால் இந்த அறையில் கைக்குட்டை தேடவேண்டும். குளியலறை வாசலில் வரிசை. சாப்பாட்டு மேஜையில் அண்ணன்காரர். அவர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தை வீட்டிலும் விடவில்லை. குளியலறைக்குள் போனவர் வெளியே வரத் தாமதமானால் கதவைத் தட்டிவிடுவார். ரொட்டியைக் கடித்தபடியே அன்றைய நாளை ஒப்பித்தார். முதலில் மீன் காட்சியகம், அடுத்து ராட்சத ராட்டினம், அப்புறம் வீட்டில் ஒரு முக்கியமான பேச்சு, அப்புறம் ரயில்.

முக்கியமான பேச்சு என்றபோது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் செருப்பு வைக்கும் இடத்தில்தான் சிக்கினார். மகனுக்கு ஷூ மாட்டிவிடக் குனிந்திருந்தார்.

"அலமாரில இருக்கற யூனிஃபார்ம் யாருக்குங்க?"

அவர் நிமிரவில்லை. லேஸை முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார்.

"அண்ணன் சாயங்காலம் பேசுவாரு."

"நான் உங்களைக் கேட்டேன்."

"நல்ல ஸ்கூலு. நம்ம ஊர்ல இப்படி வருமா? பிள்ளைங்க காதுல விழப்போகுது. சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கயேன்."

"சாயங்காலம் பேசறதுக்கு என்ன இருக்கு? தைச்சே முடிச்சாச்சு."

அதற்குள் அண்ணன்காரர் வாசலில் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் கிளம்பினார்கள். அவளும்தான் கிளம்பினாள். வேறென்ன செய்வாள்? தெரியாத ஊர், டிக்கெட் கணவரின் பையில், இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் துள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் போட்டால் முதலில் பயப்படப்போவது அவர்கள்தான். லிஃப்ட் கதவு மூடியது.

*

மீன் காட்சியகத்தில் ஓரகத்திதான் ராணி. அண்ணன்காரரின் மனைவி, பிள்ளைகளுக்குப் பெரியம்மா. அங்கே டிக்கெட் கொடுப்பது அவள்தான். வாரம் முழுக்க ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, சின்ன ஓட்டை வழியாக, பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று விடுப்பு. பெட்டிக்குள் இருந்த தோழி வேண்டுமென்றே அதே கேள்வியை இவளிடம் கேட்டாள்.

"பெரியவங்க நாலு, குழந்தைங்க ரெண்டு," என்றாள் ஓரகத்தி. சொல்லிவிட்டு, ஏனோ இன்னொரு தரமும் சொன்னாள்.

மகளை ஊரே வாயாடி என்றுதான் கூப்பிடும். மகன் உருண்டை. வாயாடி பெரியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குத் தொட்டி கேள்வி கேட்டாள். மீனுக்குத் தாகம் எடுக்குமா? அழுதால் எப்படித் தெரியும்? இவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா? ஓரகத்தி சலிக்காமல் பதில் சொன்னாள். தெரியாததற்கு, நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.

நாளைக்காமே! தையல்காரிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நாளைக்கு என் பிள்ளை என் வீட்டில் இருப்பாள், உனக்கு என்ன நாளை வேண்டிக் கிடக்கிறது என்று மனசுக்குள் பொரிந்தாள்.

அதன்பிறகு ஓரகத்தி செய்ததெல்லாம் தப்பாகவே பட்டது. உருண்டையின் மூக்கைத் துடைத்தாள். வாயாடியின் கிளிப்பைச் சரியாகக் குத்திவிட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், இவள் கண்ணுக்குக் கண்டதெல்லாம் திருட்டு. மகளின் கையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா இழுக்கற?" என்றாள் வாயாடி.

"கூட்டத்துல தொலைஞ்சிடுவே."

கூட்டம் அப்படி ஒன்றும் இல்லை. வாயாடி சுற்றிலும் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அதிசயமாக எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

தலைக்கு மேலே மீன்கள் நீந்துகிற கண்ணாடிக் குகை ஒன்று இருந்தது. உள்ளே பாதி இருட்டு. மற்றவர்கள் முன்னால் போய்விட, கணவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்தால் இரவு தூங்கியவர் போல இல்லை. அண்ணன் தன் வாழ்க்கையிலேயே தம்பியிடம் கேட்டது இது ஒன்றுதான் என்றார். அதற்கும் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தவித்தார். எனக்கும் அவள் மகள்தானே, எனக்கு மட்டும் வலிக்காதா என்றும் சொன்னார்.

அவள் கரையப் பார்த்தாள், கரையவில்லை. "உங்களுக்கு வலிச்சா நீங்க பொறுத்துக்கங்க. அவளை ஏன் கொடுக்கறீங்க?" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் குகையின் அந்தக் கோடியிலிருந்து அண்ணன்காரரின் குரல் கேட்டது. மீன்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதாம்.

*

ராட்டினத்தில் ஒரு கூண்டுக்கு நாலு பேர். பெண்களும் பிள்ளைகளும் ஒன்றில், தானும் தம்பியும் அடுத்ததில் என்று அண்ணன்காரர் பிரித்துவிட்டார். தையல்காரி மறுத்துச் சொல்வதற்குள் ஊழியர் கதவைச் சாத்தி வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டார்.

கூண்டு நகர்ந்ததே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக ஏறியது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு பாலத்தையும் படகையும் பெயர் சொல்லிக் கூவினார்கள். தையல்காரி கீழ்க் கூண்டையே பார்த்தாள். கணவர் தெரிந்தார். கண்ணுக்கு எட்டும் தூரம், குரலுக்கு எட்டாத தூரம். அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டே போக, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேண்டாம், இறங்குகிறேன் என்றால் இறங்க முடியாது. முழுச் சுற்றும் சுற்றித்தான் ஆகவேண்டும். எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஓரகத்தி. சரி, ஓட முடியாத இடத்தில் அவளும்தானே மாட்டியிருக்கிறாள் என்று தோன்றியது.

"ஸ்கர்ட்ல மடிப்பு நிறைய விட்டிருக்காங்கக்கா," என்றாள்.

ஓரகத்தி சட்டென்று நிமிர்ந்தாள். "பார்த்துட்டியா? எத்தனை வருஷத்துக்கு வரணும்னு கடைக்காரர் கேட்டாரு. இவருதான் ரெண்டுன்னாரு."

"என் பிள்ளை மேல உங்களுக்கு அவ்வளவு அவசரமா?"

"எனக்கா?" ஓரகத்தியின் முகம் மாறியது. பிள்ளைகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீதானே கேட்ட? தையல் வேலை கழுத்த நெரிக்குது, ரெண்டு பிள்ளைய வச்சுச் சமாளிக்க முடியல, பெரியவள நீங்க வச்சுக்கங்கன்னு நீ கெஞ்சினதா இவரு சொன்னாரு."

தையல்காரி முன்னால் சாய்ந்து ஓரகத்தியின் கையைப் பிடித்தாள்.

"நான் சத்தியமா அப்படிக் கேக்கலக்கா."

"பெத்தவளுக்கு எப்படித்தான் மனசு வருதோன்னு மூணு நாளா உன்னையே பார்த்துக்கிட்டிருக்கேன். மனசுக்குள்ள திட்டிக்கிட்டும் இருந்தேன்."

"நானும் உங்களைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒன்றாகத் திரும்பிக் கீழ்க் கூண்டைப் பார்த்தார்கள். அண்ணன்காரர் உற்சாகமாகக் கையை ஆட்டி டாட்டா காட்டினார். தம்பியும் காட்டினார். பிள்ளைகள் பதிலுக்குக் காட்டினார்கள்.

ஓரகத்தி அதன்பிறகு தணிந்த குரலில் நிறையப் பேசினாள். பிள்ளைக்காக வருஷக்கணக்கில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்ததைச் சொன்னாள். ஒருநாள் போதும் என்று தானே முடிவெடுத்ததைச் சொன்னாள். அழுது முடித்து, அந்த வீட்டின் அமைதிக்குப் பழகி, இப்போதுதான் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறாளாம். இனிமேல் எதையும் ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை என்றாள்.

"வேணுமா வேணாமான்னு என்னை யாரு கேட்டா? பார்சல் வருதுங்கற மாதிரி சொன்னாரு. நான் வாசல்ல நின்னு வாங்கி வைக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப சாயங்காலம் அதைச் சொல்லுவீங்களா?"

"நீ முதல்ல சொல்லு. நான் உன் பக்கம் நிக்கறேன்."

அந்த வார்த்தையில் தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூண்டு உச்சிக்கு வந்திருந்தது. அன்று முதல் முறையாக அவள் வெளியே பார்த்தாள். நகரம் அழகாகத்தான் இருந்தது.

"பெரியம்மா," என்று வாயாடி திரும்பினாள். "உங்க கண்ணாடிப் பெட்டியும் இப்படி மேல போகுமா?"

"போகாது கண்ணு. ஒரே இடத்துலதான் இருக்கும்."

"அப்ப நாளெல்லாம் யார்கூடப் பேசுவீங்க?"

"வர்றவங்ககூட."

"அவங்க டிக்கெட் வாங்கிட்டுப் போயிடுவாங்களே."

ஓரகத்தி வாயாடியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தையல்காரி அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அப்போது இருந்த நிம்மதியில் அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பட்டிருக்கவேண்டும்.

*

திரும்பி நடக்கும்போது வாயாடிக்குப் புதுச் செருப்பு கடித்துவிட்டது. உருண்டை ஏற்கெனவே அம்மாவின் இடுப்பில், பெயருக்கேற்ற கனத்தோடு. ஆண்கள் இருவரும் வெகு தூரம் முன்னால். ஓரகத்தி மறுபேச்சில்லாமல் குனிந்து முதுகைக் காட்டினாள்.

அத்தனை பெரிய தெருவில், அலுவலகம் விட்டு வரும் கூட்டத்துக்கு நடுவே, ஏழு வயதுப் பிள்ளையை உப்புமூட்டை சுமந்துகொண்டு போனாள். பிள்ளை காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. ஓரகத்தி வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மூன்று நாளில் அவள் சிரித்துத் தையல்காரி பார்த்ததில்லை. பின்னால் நடந்து வந்தவளுக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. வார்த்தை கொடுத்திருக்கிறாளே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வாயாடி சோபாவில் பெரியம்மாவின் மடியில் சுருண்டு கண்ணை மூடிவிட்டாள். உருண்டை தரையிலேயே படுத்துக் குறட்டை விட்டான்.

பெட்டிகளை வாசலருகே வைத்துவிட்டு அண்ணன்காரர் தொண்டையைக் கனைத்தார். பேச்சு என்னவோ நல்ல பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் நூலகம் உண்டு, நீச்சல் குளம் உண்டு என்றார். இடம் சொல்லிவைத்தாகிவிட்டது, தம்பியிடம் பேசி முடிவும் செய்தாகிவிட்டது என்றார். விடுமுறைக்கு விடுமுறை நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னதெல்லாம் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நல்லெண்ணத்தோடு சண்டை போடுவதுபோல ஒரு கஷ்டம் உலகத்தில் கிடையாது.

தையல்காரி எழுந்து நின்றாள்.

"மாமா, இவரை நீங்க வளர்த்தீங்க. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா என் பொண்ணை விட்டுட்டு நான் ரயில் ஏற மாட்டேன். அவளை வச்சுக்கங்கன்னு நான் யார்கிட்டயும் கேட்கவும் இல்ல."

கடைசி வாக்கியத்தில் கணவர் நிமிர்ந்தார். தன் மனைவியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அப்படி ஒரு கதை சொல்லப்பட்டதே அவருக்குத் தெரியாது என்று அந்த முகம் சொன்னது.

அண்ணன்காரர் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்துவிட்டது. தம்பி பெண்டாட்டி எதிர்த்துப் பேசுவது அவர் போட்ட திட்டத்தில் இல்லை. மனைவியிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம வீட்டுல வளர்ந்தா உனக்குக் கசக்குதா?"

தையல்காரி ஓரகத்தியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், சொல்லுங்கள் அக்கா என்பதுபோல. ஓரகத்தியின் கை வாயாடியின் தலைமேல் இருந்தது. அந்தக் கை அங்கேயே இருந்தது.

"கசக்கல," என்றாள்.

"அக்கா?"

"மேல வச்சு உன்கிட்ட சொன்னது பொய் இல்லம்மா." ஓரகத்தி கணவரைப் பார்க்கவே இல்லை, தையல்காரியைப் பார்த்துத்தான் பேசினாள். "அப்ப எனக்கு வேணாம்தான். இப்ப வேணும்போல இருக்கு. எனக்கே வெக்கமா இருக்கு."

அண்ணன்காரர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இவங்க மாதிரி முடிவு பண்ணிட்டு வந்து நான் சொல்லல. உன்கிட்ட கேக்கறேன். ஒரே ஒரு வருஷம். நீ வேணாம்னா வேணாம். அதுக்குமேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் தையல்காரியிடம் எதையும் கேட்டதில்லை. சொல்வார்கள், அவள் செய்வாள். இன்று சொன்னால் எதிர்ப்பது என்று காலையிலிருந்து தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். கேட்கிறவளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் மகள் மகள்தான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் வாயாடியின் முகத்தைப் பார்த்தாள். நிஜத் தூக்கத்தில் இமை இப்படித் துடிக்காது. பெற்றவளுக்குத் தெரியாதா? பிள்ளை தூங்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே தூங்கவில்லை. பெரியம்மாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காது கொடுத்துக் கிடக்கிறாள். தையல்காரியைத் திறந்த வாயோடு இப்படியே நிற்க வைத்துவிட்டு, அவள் பதிலை அடுத்த வாரம் கேட்போம்.